கூப்பிடுவதிலிருந்து தொடங்கு: கதையில் பேச்சு எழுத அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, கதையில் இரண்டு பேரைப் பேச விடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள். இவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? நீ என்றா, நீங்க என்றா? பேர் சொல்லியா, மாமா என்றா, அண்ணே என்றா, சார் என்றா? இல்லை, எதுவுமே சொல்லாமல் “இந்தாங்க” என்று மட்டும் சொல்லிச் சமாளிப்பாளா? இது முடிவாகாமல் எழுத ஆரம்பித்தால் சீக்கிரமே பேச்சு நொண்டத் தொடங்கிவிடும். எதிரில் நிற்பவர் நமக்கு என்ன முறை வேண்டும் என்று தெரியாமல் தமிழில் வாயைத் திறப்பதே கஷ்டம். வா, வாங்க, வாரும், வாங்கோ என்று வினைச்சொல்லின் வாலிலேயே வயசும் நெருக்கமும் ஊரும் ஒட்டிக்கொண்டு வரும். சில ஊர்களில் சாதியும் சேர்ந்து வரும்.

புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளை நான் ஆசையாகப் படிப்பேன். கரு நன்றாக இருக்கும். ஊரும் வீடும் கண்முன் நிற்கும். ஆட்கள் வாயைத் திறந்ததும் தாத்தா, பேத்தி, பால்காரர், பாங்க் மேனேஜர் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள். யார் யாருக்கு என்ன முறை, யாருக்கு யாரிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்று யோசிக்காமல் நேரே வசனத்துக்குப் போய்விடுவதுதான் காரணம்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை இதற்காகவே ஒரு தடவை படி. சென்னைத் தெருவில் கடவுளைச் சந்திக்கிற பிள்ளை, அவரைத் தன்னுடைய வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். வீட்டுக்கு அழைத்துப் போனால் பிள்ளையின் குட்டி மகள் அவரைத் தாத்தா என்கிறாள். ஒருவருக்குச் சந்தா வேண்டும், இன்னொருத்திக்கு விளையாட ஆள் வேண்டும். கடவுளே வந்து உட்கார்ந்தாலும் அவரவர் தேவையிலிருந்துதான் அவரிடம் பேசுகிறார்கள். 1943-ல் எழுதிய கதை, பேச்சு இன்றைக்கும் பழசாகவில்லை.

வந்த காரியத்தைச் சொல்ல விடாதே

நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிற ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தை 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் நாடாளுமன்றமும் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை கொடுத்த பிறகு, அக்கா தங்கச்சிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வருகிற அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேர். அப்படி ஒரு தம்பி அக்கா வீட்டுக்கு வருகிறான். முதலில் வரும் எழுத்து பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“அக்கா, அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. நம் நிலத்தில் உனக்கும் பங்கு இருக்கிறது என்பது உனக்கே தெரியும். கடனை அடைக்க அதை நான் விற்கப்போகிறேன். நீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.”

“நீ இப்படிக் கேட்பாய் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. என் மனம் மிகவும் வேதனைப்படுகிறது.”

இதில் தவறான தகவல் ஒன்றுமில்லை. ஆனால் இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, இரண்டு பேரும் வாசகரிடம் பேசுகிறார்கள். அப்பா செத்து எத்தனை மாதம் என்று அக்காவுக்குத் தம்பி சொல்லித்தான் தெரிய வேண்டுமா? “உனக்கே தெரியும்” என்று ஒரு ஆள் சொல்ல ஆரம்பித்தால் உடனே பேனாவை நிறுத்து. தெரிந்ததை எதற்காகச் சொல்கிறான் என்று கேள். குத்திக் காட்டச் சொன்னால் சரி, கெஞ்சச் சொன்னாலும் சரி. வாசகருக்காகச் சொன்னால் அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, கதை சொல்கிற இடத்தில் ஒரு வரியாகப் போட்டுவிடு.

இப்போது அதே காட்சியை வேறு மாதிரிப் பார்:

வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் செல்வி உள்ளே வந்தாள்.

“எப்ப வந்த?”

“இப்பத்தான்க்கா. மாமா இல்லியா?”

“மாமாவப் பாக்கவா வந்த?”

“சும்மா கேட்டேன்.”

“சாப்டியா?”

“சாப்ட்டுத்தான்க்கா வந்தேன்.”

“எங்க வீட்டுக்கு வரப்போ சாப்ட்டு வர ஆரம்பிச்சிட்டியா?”

அவன் பைக்குள்ளிருந்த கவரை எடுத்து டீப்பாய்மேல் வைத்தான். “வக்கீல் குடுத்தாரு. சும்மா ஃபார்மாலிட்டிதானாம்.”

“தானாமா?”

“இல்லக்கா. ஃபார்மாலிட்டிதான்.”

“இரு, தோசை ஊத்துறேன்.”

நிலம், பங்கு, கடன், கையெழுத்து எதுவும் வாயில் வரவில்லை. ஆனாலும் வந்த காரியம் இரண்டு பேருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று பார். “மாமா இல்லியா?” என்று அவன் கேட்பது நலம் விசாரிப்பு மாதிரி இருக்கிறது. உண்மையில் தடை எங்கிருந்து வரும் என்று பார்க்கிறான். அவள் அதைப் பிடித்துக்கொள்கிறாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்பதில் அக்காவுக்குப் படுகிற அடி, பங்கு கேட்பதில் படுகிற அடியைவிடப் பெரியது. அம்மா வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று அவளுக்குப் புரிகிற இடம் அதுதான்.

அந்த ‘ஆம்’ இருக்கிறதே, ‘தானாம்’ என்பதில் வருகிற ‘ஆம்’, அதை நீ கவனித்துப் பழக வேண்டும். பொறுப்பைத் தன் தலையிலிருந்து இறக்கி வக்கீல் தலையில் வைக்கிறான் தம்பி. அவள் திருப்பிக் கேட்டதும், “இல்லக்கா, தான்” என்று வேறு வழியில்லாமல் தானே ஏற்றுக்கொள்கிறான். வேறு மொழியில் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு முழு வாக்கியம் செலவழிக்க வேண்டியிருக்கும். நமக்கு ஓர் அசை போதும். ஆம், தான், ஆவது, கூட, ஏ, ஓ இவையெல்லாம் உன் கைப்பொருள்கள். “அவன் வந்தான்”, “அவனாவது வந்தான்”, “அவன்கூட வந்தான்”, “அவனே வந்தான்”, “வந்தானாம்” ஆகிய ஐந்தையும் யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்று எழுதிப் பார். ஐந்து கதை கிடைக்கும்.

கடைசி வரியில் அவள் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தோசை ஊற்றப் போகிறாள். கேட்டதற்கு நேர் பதில் சொல்லாமல் இருப்பது நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. கதையில் மட்டும் ஏன் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலக் கேள்விக்கு உடனே விடை சொல்ல வேண்டும்?

மரியாதை மாறினால் கதை மாறும்

அதே காட்சியில் செல்வி உள்ளே வந்ததும், “வாங்க தம்பி, உக்காருங்க” என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள். சண்டையை எழுத வேண்டியதே இல்லை, முடிந்துவிட்டது. கூடப் பிறந்தவனை ‘ங்க’ போட்டுக் கூப்பிடுவது முகத்தில் அறைவதுபோல. இதே ‘ங்க’வைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னால் வெறும் மரியாதை, புதுசாகக் கல்யாணம் ஆனவள் புருஷனிடம் சொன்னால் கூச்சம், அவளே ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் அந்த ‘ங்க’வை விட்டுவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது. இந்த மாற்றத்தை நீ விளக்கக் கூடாது. “அவள் முதல் முறையாக அவனை ஒருமையில் அழைத்தாள்” என்று எழுதினால் அதன் பலம் போய்விடும். மாற்றி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போ. தமிழ் வாசகர் இதைத் தவறவிடவே மாட்டார்.

பேர் சொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிவி சீரியல் பழக்கத்தில் நிறையப் பேர் வரிக்கு வரி பேரைப் போடுகிறார்கள். “இல்ல ரமேஷ்”, “சொல்லு ப்ரியா”, “நான் அப்படிச் சொல்லல ரமேஷ்.” வீட்டில் நாம் இப்படியா பேசுகிறோம்? எதிரில் இருப்பவரைக் கூப்பிடவே வேண்டியதில்லை. கூப்பிட்டாலும் டேய், ஏய், ஏங்க, இந்தா, பாப்பா, தம்பி, “உங்கப்பாவக் கூப்புடு” என்றுதான் வரும். பேரை முழுசாகச் சொன்னால் அது கோபம், அல்லது பயம், அல்லது கூட்டத்தில் தேடுவது. பேரை அந்த மாதிரி இடத்துக்கு மிச்சம் பிடித்து வை.

விடைபெறுவதும் அப்படித்தான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் “வரேன்”, “போயிட்டு வரேன்” என்பார். “போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருத்தி செருப்பை மாட்டினால், பின்னாலிருந்து பெரியவர் ஒருவர் “போயிட்டு வரேன்னு சொல்லு” என்று திருத்துவார். அவள் திருத்திச் சொல்கிறாளா, சொல்லாமல் படியிறங்குகிறாளா? ஒரு அத்தியாயத்தை அதில் முடிக்கலாம்.

மூன்றாவது ஆளை மறக்காதே

இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது நம் வீடுகளில் அபூர்வம். சமையலறையில் ஒருவர், திண்ணையில் ஒருவர், பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒருவர் என்று காது எங்கேயும் இருக்கும். அதனால்தான் சாடைப் பேச்சு என்று ஒரு கலையே நம்மிடம் வளர்ந்திருக்கிறது. மாமியாருக்கு மருமகள்மேல் கோபம். அவளிடம் நேராகச் சொல்ல மாட்டார். மடியில் இருக்கும் பேரனிடம், “உங்கம்மாவுக்கு இன்னும் பொழுது விடியலடா செல்லம், நாம பச்சத் தண்ணியக் குடிச்சிக்குவோம்” என்பார். மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கரண்டு போயி வந்துச்சே, யார் எந்திரிச்சு மோட்டரப் போட்டாங்களாம்?” என்று குழாயிடம் சொல்வாள்.

இந்த இரண்டு வரிக்கும் நேர்ச் சண்டையைவிடச் சூடு அதிகம். பேசுகிறவர், பேசப்படுகிறவர், உண்மையில் கேட்க வேண்டியவர் என்று மூன்று பேரும் வேறு வேறாக இருப்பதால், எல்லா வரிக்கும் அடியில் இன்னொரு வரி ஓடுகிறது. உன் கதையில் ஒரு காட்சி சப்பென்று இருந்தால் அடுத்த அறையில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டு மறுபடி எழுதிப் பார். பேசுகிறவர்களின் குரல் தானாகத் தாழும், வார்த்தை மாறும், பாதியில் நிற்கும்.

மேடை வசனம் இதற்கு நேர் எதிர். 1952-ல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் குணசேகரன் பேசுவது நீதிபதியிடம் மட்டும் இல்லை, கொட்டகையில் இருக்கும் அத்தனை பேரிடமும். அந்த எழுத்துக்கு அந்த இடம் பொருத்தம், அதன் கம்பீரமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் சிறுகதையில் உன் ஆளுக்குக் கொட்டகை கிடையாது. எதிரே இருக்கிற ஒருவரிடம் எவ்வளவு சொல்வானோ அவ்வளவுதான் சொல்வான்.

‘என்றான்’ எங்கே வர வேண்டும்

தமிழில் ‘என்றான்’ கடைசியில் வருகிறது. நாலு வரி பேசி முடித்த பிறகுதான் ‘என்றார் சித்தப்பா’ என்று தெரியவரும். அதுவரை வாசகர் அதை வேறு யாருடைய குரலிலோ படித்துக்கொண்டிருப்பார். இதற்கு வழி, பேசப்போகிற ஆளை முதலில் ஒரு சின்னக் காரியம் செய்ய விடுவது. சித்தப்பா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார், பிறகு மேற்கோள் குறி, பிறகு பேச்சு. ‘என்றார்’ தேவையே இருக்காது. ஆனால் எல்லா வரிக்கும் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் இருந்தால் சலித்துவிடும். குரல் குழம்புகிற இடத்தில் மட்டும் போடு.

என்றான், என்றாள், கேட்டார், சொன்னார் இவை போதும். உறுமினான், வினவினாள், இடைமறித்துக் கர்ஜித்தான் எல்லாம் வேண்டாம். ‘கோபமாகச் சொன்னாள்’ என்று எழுத வேண்டிவந்தால் சொன்ன வார்த்தையில் கோபம் இல்லை என்று அர்த்தம். போய் வார்த்தையைத் திருத்து.

எழுத்துக்கூட்டலும் ஊர்ப்பேச்சும்

போயிட்டானா, போய்ட்டானா? வச்சா, வெச்சா? இல்லயா, இல்லியா, இல்லையா? எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஒரு கதைக்குள் ஒரு ஆளுக்கு ஒன்றுதான். கதைக்கு ஒரு தாள் போட்டு, ஆள்வாரியாக எழுதி மேஜைமேல் ஒட்டிவிடு. காதில் விழுகிற எல்லா ஒலியையும் எழுத்தில் கொண்டுவர முயலாதே. ‘வந்தான்’ என்பதில் கடைசி ‘ன்’னை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, மூக்கோடு போய்விடும். அதை நீ ‘வந்தான்’ என்றே எழுது. படிக்கிறவர் நாக்கு அதைப் பார்த்துக்கொள்ளும். பக்கம் முழுக்கச் சிதைந்த எழுத்தாக இருந்தால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவார், கதை கைநழுவிவிடும்.

வட்டார வழக்கு என்றதும் அரிய சொற்களைத் தேடிப் பொறுக்குகிறார்கள். ஊர் இருப்பது வினைமுற்றில். “வந்துவிட்டார்கள்” என்பதை மதுரைப் பக்கம் “வந்துட்டாய்ங்க” என்பார்கள், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் “வந்துட்டாக”, திருநெல்வேலியில் “வந்துட்டாவ”, அக்ரஹாரத்தில் “வந்துட்டா”, யாழ்ப்பாணத்தில் “வந்திட்டினம்”. இந்த வாலை மட்டும் சரியாகப் போட்டால் போதும், மற்ற சொற்களைப் பொதுத் தமிழில் விட்டாலும் ஊர் மணக்கும். ஆனால் காதால் கேட்காமல் போடாதே. மதுரைக்காரர் தெருப் பையன்களைச் சொல்லும்போது ‘ய்ங்க’ போடுவார், மாமனாரைப் பற்றிப் பேசும்போது அதைப் போடுவாரா என்று கேட்டுப் பார்.

கொங்குப் பேச்சுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942), குமரிப் பக்கத்துக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), நெல்லைக் கடற்கரைக்கு வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977), முஸ்லிம் வீடுகளின் பேச்சுக்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), சென்னைக் குடிசைப் பகுதிக்கு ஜெயகாந்தன் என்று உனக்கு முன்னால் பாதை போட்டவர்கள் இருக்கிறார்கள். கி. ராஜநாராயணன் கரிசல்காட்டுச் சொற்களைத் திரட்டி 1982-ல் ஒரு அகராதியே கொண்டுவந்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு அதைச் செய்தார். உன் ஊருக்கு யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, பேச்சுப் பகுதிகளை மட்டும் ஒரு தடவை தனியாகப் படி.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாத்தியாரும் டாக்டரும் சுத்தத் தமிழில் பேச, வேலைக்கு வருகிற அம்மாவும் ஆட்டோ ஓட்டுகிறவரும் மட்டும் கொச்சையில் பேசுகிற கதைகளை என்னால் ஏற்க முடிவதில்லை. வாத்தியார் வீட்டில் என்ன இலக்கணமா பேசுகிறார்? எல்லோருக்கும் பேச்சுத்தமிழ் கொடு, இல்லையென்றால் எல்லோருக்கும் பொதுத்தமிழ் கொடு. ஒருவரை மட்டும் கொச்சையாக்கினால் நீ அவரைச் சிரிப்புக்கு வைக்கிறாய் என்று அர்த்தம்.

கலந்து பேசும் இங்கிலீஷுக்கும் பயப்படாதே, ஆளுக்கு ஏற்ற அளவில் போடு. அப்பத்தா “பெரியாஸ்பத்திரி” என்பார், அப்பா “ஜி.எச்.” என்பார், மகள் “ஹாஸ்பிடல்” என்பாள். மூன்று பேரும் போவது ஒரே கட்டடத்துக்குத்தான். ரேஷன் கடையில், இ-சேவை மையத்தில், பந்தியில் பக்கத்து இலையில் இப்படி என்னென்ன காதில் விழுகிறது என்று கவனி. போனில் பேசுகிறவரின் ஒரு பக்கப் பேச்சு இன்னும் நல்ல பாடம், மறுபக்கத்தை நீயே எழுதிப் பார்க்கலாம். ரெக்கார்ட் செய்யாதே, யாருடைய ரகசியத்தையும் எடுத்துக்கொள்ளாதே. எங்கே நிறுத்துகிறார்கள், எதைத் திரும்பச் சொல்கிறார்கள், பேச்சை எப்படி மாற்றுகிறார்கள் என்ற நடையை மட்டும் குறித்துக்கொள்.

இந்த வாரம் ஒரே ஒரு பக்கம் எழுது. இரண்டு பேர், ஒருவருக்கு மற்றவரிடம் ஏதோ வேண்டும், அந்தப் பொருளின் பேர் பக்கம் முழுக்க வரக் கூடாது. அடுத்த அறையில் மூன்றாவது ஆள் விழித்திருக்கிறார். ‘என்றான்’, ‘என்றாள்’ இரண்டு இடத்துக்குமேல் வேண்டாம். எழுதி முடித்ததும் நீ படிக்காதே, உனக்குத் தொனி முன்பே தெரியும். கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல். அவர் தயங்குகிற இடத்தில், திரும்பிப் போய்ப் படிக்கிற இடத்தில், நீ நினைக்காத வேறு தொனியில் சொல்லிவிடுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடு. முதலிரண்டு வகையையும் திருத்து. மூன்றாவது வகையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார், சில சமயம் அவர் வாசித்த தொனிதான் அந்த ஆளுக்குச் சரியாக இருக்கும்.